பாட்டை வரைவது: ஒலிப்பதிவிலிருந்து அரூப ஓவியம்

2023 ஜூன் 4

வாசகர் ஒருவர் எழுதியது: "ஒலிப்பதிவை மென்பொருளில் போட்டு வண்ணப்படமாக மாற்றி, ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அலை அலையாகத்தான் வருகிறது. படத்தைப் பார்த்து என்ன ராகம், யார் வாசித்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அப்படியானால் இதில் இசை எங்கே இருக்கிறது? அலங்காரம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஓவியம் என்று சொல்லாதீர்கள்."

ஜூன் 4, இரவு

அலைவடிவப் படத்தை, அதாவது ஒலியின் அதிர்வை நேரவாக்கில் அப்படியே கோடாக வரைந்ததைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. கல்யாணப் பரிசு, பிறந்தநாள் பரிசு என்று கடைகளில் விற்பது அதைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறார்கள், ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 1 கோடியே 32 லட்சம் சொச்சம். அதை 3,000 புள்ளி அகலத்தில் அச்சடித்தால் ஒரு புள்ளிக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி. ஷட்ஜம் (ஆதார ஸ்வரமான ஸ) 130 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 130 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் அது 13 முறை அதிர்ந்திருக்கும். 13 அதிர்வும் ஒரே செங்குத்துக் கோடாக நசுங்கிவிடும். மிஞ்சுவது சத்தம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பது மட்டும். ராகம் அச்சு இயந்திரத்துக்குப் போவதற்கு முன்பே போய்விட்டது.

இப்போதைய சினிமாப் பாட்டுகளில் அந்த ஏற்ற இறக்கமும் கிடையாது. மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட ஒலிச்சீரமைப்பிலேயே ஒலியளவை அமுக்கி மேலே தூக்கிவிடுகிறார்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனில் ஒரு பட்டை வரும்.

ஆனால் அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டாம். ஒலியிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் ஓவியனின் வேலை இருக்கிறது. அலைவடிவப் படத்தில் அந்த முடிவை யாருமே எடுக்கவில்லை. அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது.

ஜூன் 5

"படத்திலிருந்து பாட்டைச் சொல்ல முடியாது" என்ற வரி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்திருக்கிறது. எடுவார்-லியோன் ஸ்காட் என்ற பிரெஞ்சுக்காரர் 1857இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். புனல், அதன் முனையில் ஒரு சவ்வு, சவ்வில் ஒட்டிய மெல்லிய முள். எதிரில் புகைக்கரி பூசிய காகிதம் உருளையில் சுற்றும். யாராவது பாடினால் முள் கரியைக் கீறிக்கொண்டே போகும். எடிசனின் ஃபோனோகிராஃபுக்கு 20 வருடம் முந்தையது இது. திரும்ப ஒலிக்கவைக்கும் எண்ணமே ஸ்காட்டுக்கு இல்லை. பேச்சும் பாட்டும் தம்மைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

1860இல் அவர் கீறிய ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலை 2008இல் கணினியில் ஸ்கேன் செய்து ஒலிக்கவைத்தார்கள். முதலில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டதால் சிறு பெண் பாடுவதுபோல் கேட்டது. பிறகு வேகத்தைச் சரிசெய்தபோது ஓர் ஆண் நிதானமாகப் பாடுவது தெரிந்தது. பாடியவர் ஸ்காட்டாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தாளில் பாட்டுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் அதிரும் ஓர் இசைக்கவையின் அதிர்வையும் அவர் கீறியிருந்தார். நேரத்தை அளக்க அது இல்லாதிருந்தால் வேகத்தைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

எவ்வளவு அகலமான தாள், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. கோட்டை நசுக்காமல் விட்டால் பாட்டு உள்ளே அப்படியே இருக்கும்.

ஜூன் 9

சரி, ராகத்துக்கு வருவோம். இரண்டாவதாக எல்லோரும் கையில் எடுப்பது நிறமாலைப் படம். நேரம் கிடையாக, அதிர்வெண் செங்குத்தாக, வலிமை நிறமாக. சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் யாரும் போட்டுப் பார்க்கலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் செய்தது.

இதிலும் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. வழக்கமாக 2,048 மாதிரிகளை ஒரு கட்டாக எடுத்து ஆராய்வார்கள். அப்படிச் செய்தால் செங்குத்தாக ஒவ்வொரு கட்டமும் 21.5 ஹெர்ட்ஸ். ஷட்ஜம் 130இல் இருந்தால் அதற்கு அடுத்த ஸ்வரமான சுத்த ரிஷபம் 138 பக்கம் வரும். இடையில் 8 ஹெர்ட்ஸ்கூட இல்லை. இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும்! கீழ் ஸ்தாயியில் சுத்த ரிஷபம், அதற்கு ஒரு படி மேலான சதுச்ருதி ரிஷபம் என்ற வித்தியாசமே படத்தில் இருக்காது. கட்டை நான்கு மடங்கு பெரிதாக்கினால் ஸ்வரங்கள் பிரியும். ஆனால் இப்போது ஒரு கட்டு 186 மில்லிநொடி. பிருகா என்ற அதிவேக ஸ்வரக்கோவையில் ஒரு ஸ்வரம் அதைவிடக் குறைந்த நேரமே நிற்கிறது. பிருகா முழுக்கத் தீற்றலாகிவிடும்.

ஸ்வரம் துல்லியமாக வேண்டுமா, நேரம் துல்லியமாக வேண்டுமா? இரண்டும் ஒருசேரக் கிடைக்காது, இது கணிதத்திலேயே இருக்கிற கட்டுப்பாடு. ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வைகள் நிறைந்த விளம்ப (மெதுவான) ஆலாபனைக்கு நான் பெரிய கட்டு வைப்பேன். பிருகா பாடுகிறவருக்குச் சின்னது. இந்த ஒரு எண்ணை மாற்றுவதே தூரிகையை மாற்றுவதுபோல்தான்.

ஜூன் 10

நிறமாலையைவிட எனக்குப் பிடித்தது ஒற்றைக் கோடு. பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை, அந்தக் கணத்தின் சுருதி என்ன என்று மட்டும் கேட்டு, ஷட்ஜத்திலிருந்து எத்தனை சென்ட் தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, புள்ளிகளைச் சேர்த்து, கணினி பேனாவை நகர்த்தும் பிளாட்டரில் வரைவது. ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். 12 ஸ்வரஸ்தானமும் நூறு நூறு தூரத்தில்.

நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனை, பழைய 78 வேக இசைத்தட்டிலிருந்து எடுத்தது, முதலில் வரைந்த பெரிய தாள். எங்கள் தெருவில் ஒரு நாகஸ்வர வித்வான் இருக்கிறார், வயதானவர். அவரிடம் காட்டினேன். என்ன வாசிப்பு என்று சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். "இதென்ன தம்பி, மூச்சே விடாம போவுது? மனுஷன் ஊதுனதா இது?" என்றார்.

அவர் பிடித்தது சரி. ஊதுகிறவர் மூச்சு எடுக்கும் இடைவெளியில் பின்னால் சுருதிக்காக ஊதும் ஒத்து ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மென்பொருள் அதையும் வாசிப்பாக எண்ணிக் கோட்டைத் தொடர்ந்துவிடும். நாகஸ்வரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ஸ்வரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் இணைசுரங்கள் அடிச்சுரத்தைவிடப் பலமாக இருக்கும் இடங்களில் மென்பொருள் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். ஒத்துக்கு ஒலியளவு வரம்பு வைத்தேன், தாவல்களைக் கேட்டுக் கேட்டுக் கையால் இறக்கினேன். கோடு மூச்சுக்கு மூச்சு துண்டுபட்டு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு போனபோது, "ஷட்ஜம் எங்க இருக்கு, அதைக் காட்டு" என்றார். பென்சிலால் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் கோடு இழுத்தேன். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே முனகினார். அரை சாண் போகவில்லை. "காந்தாரம் இப்பிடி ஆடுதே, தோடி இல்லாம என்ன?"

ஆக, "ஒருவராலும் சொல்ல முடியாது" என்பதற்கு என் பதில் இதுதான்.

ஜூன் 11

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது வேறொன்று தோன்றியது. அவர் ராகத்தைச் சொன்ன மாத்திரத்தில் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அதன்பின் அது அவருக்கு ஸ்வரக் குறிப்பு. நானும் அப்படித்தான் ஆனேன். பென்சில் கோடுகள் இருக்கும்வரை கண் ரிஷபம், காந்தாரம் என்று எழுத்துக் கூட்டுகிறது. அவற்றை அழித்துவிட்டுச் சற்று தள்ளி நின்றபோதுதான் கீழே நெருக்கமாகச் சுழன்று கிடப்பதும், மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறி அங்கேயே தங்குவதும், பிறகு ஒரே வீச்சில் இறங்குவதும் உருவமாகத் தெரிந்தன.

படிக்க முடிவதும் பார்க்க முடிவதும் ஒன்றோடொன்று இழுபறி. அச்சில் ஆதாரக் கோடு போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தெரிந்தவர் கேட்டால் ஷட்ஜம் இருக்கும் இடத்தைக் கையால் காட்டினால் போதும்.

ஜூன் 17

"ஸ்வரத்துக்கு ஒரு நிறம் கொடுத்தால் எளிதாக இருக்குமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய ஆசை இது. நியூட்டன் வானவில்லை ஏழாகப் பிரித்து இசையின் ஏழு இடைவெளிகளோடு பொருத்தினார். காஸ்டெல் என்ற பாதிரியார் 1725இலேயே சுரத்துக்கு ஒரு நிறம் காட்டும் ஹார்ப்சிகார்டைப் பற்றி எழுதினார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் தன் சிம்பனியில் நிறங்களுக்கென்றே தனி வரி எழுதிவைத்தார். 1915இல் நியூயார்க் கார்னகி ஹாலில் விளக்குகளோடு அதை நிகழ்த்தினார்கள்.

பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினால் சுரம் அங்கேயே நிற்கும். நிறம் கொடுக்கலாம். தோடியின் காந்தாரத்துக்கு என்ன நிறம் கொடுப்பீர்கள்? நான் போட்டுப் பார்த்தேன். அந்தக் காந்தாரத்துக்கு (பெயரே 'சாதாரண காந்தாரம்') பச்சை, சுத்த ரிஷபத்துக்குச் சிவப்பு, மத்யமத்துக்கு நீலம். காந்தாரம் வரும் இடமெல்லாம் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னின. இடையில் பச்சை கண்ணுக்குச் சிக்கவே இல்லை. காந்தாரத்தின் இடத்தில் கோடு நிற்பதே இல்லையே, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டத்தைத்தான் நாம் காந்தாரமாகக் கேட்கிறோம். எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்று கணினியில் பட்டை வரைந்தாலும் ஷட்ஜமும் பஞ்சமமும் ஊசியாக நிற்கும், காந்தாரத்தின் இடம் பரந்து கலங்கிக் கிடக்கும்.

இந்த ஊசலாட்டத்தை, அதாவது கமகத்தை, கட்டம் போட்டுப் பிரித்துவிட்டு நிறம் பூசினால் நம் இசையில் உயிரானதைத் தூக்கி எறிந்ததாகும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. நிறத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மேல் இணைசுரங்கள் கூடும்போது நாதம் பளிச்சென்று ஆகிறதல்லவா, அதற்கு மையின் அடர்த்தியை மாற்றுகிறேன். ஒலியளவுக்குக் கோட்டின் தடிமன். அத்தோடு சரி.

ஜூன் 18

மணல் தூவிய தட்டை ஒலியால் அதிரவைத்து உருவம் காட்டும் வீடியோவை மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். ஓம் என்று சொன்னால் ஸ்ரீசக்கரம் வருகிறது என்கிற அந்த வீடியோதான். வராது. ஜெர்மன் இயற்பியலாளர் க்ளாட்னி 1787இல் புத்தகமாகப் போட்டது முதல் தெரிந்த விஷயம்: உருவத்தைத் தீர்மானிப்பது தட்டின் வடிவம், தடிமன், எங்கே பிடித்திருக்கிறோம், எந்த அதிர்வெண் என்பவை. சதுரத் தட்டில் சதுரத்துக்கு ஏற்ற சமச்சீர், வட்டத் தட்டில் வட்டத்துக்கு ஏற்றது. மணல் அதிர்வில்லாத கோடுகளில் போய்ச் சேரும். மிக நுண்ணிய தூளைத் தூவினால் நேர்மாறாக அதிகம் அதிரும் இடத்தில் குவியும். தட்டுக்கு மேலே சுழலும் காற்றுதான் காரணம் என்று ஃபாரடே 1831இல் விளக்கினார். சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

பதிவு செய்த இசைக்கு இந்த முறை ஒத்துவராததற்கு இன்னும் எளிய காரணம் உண்டு. மணல் நகர்ந்து அடங்க நேரம் வேண்டும். அதற்குள் பாட்டு வேறு ஸ்வரத்துக்குப் போயிருக்கும்.

ஆனாலும் மணலை இகழ மாட்டேன், ராமனுக்காக. சி.வி.ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தவர். 1920லேயே சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார், பிறகு 1930களின் நடுவில் விரிவாக. வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) மெல்லிய மணலைத் தூவி, விரலால் இங்கே அங்கே தொட்டுத் தட்டி, மணல் விழும் கோடுகளைப் படம் எடுத்தார். சாதாரணத் தோல் வாத்தியத்தின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. அதனால் முரசில் சுருதி சேராது. நடுவில் கரணை என்ற கறுப்புப் பூச்சு இருப்பதால் மிருதங்கத்தில் முதல் ஒன்பது அதிர்வு நிலைகள் ஐந்து இணைசுரங்களாகச் சேர்ந்துகொள்கின்றன என்று அவர் காட்டினார். கரணை போடுகிறவர் பரம்பரையாகக் காதால் செய்துவந்த வேலை, மணலில் கோடாக வந்து விழுந்தது. அந்தக் கட்டுரையின் படங்களை நான் ஓவியமாகத்தான் பார்க்கிறேன். கறுத்த வட்டத்தில் ஒரு வெள்ளைக்கோடு, பிறகு குறுக்கே இரண்டு, பிறகு ஒரு வளையம்.

ஜூலை 2

கணினியில் பாட்டு கேட்கும் வின்ஆம்ப் மென்பொருளின் காலத்தை ஒருவர் ஞாபகப்படுத்தினார். ப்ரவுசிங் சென்டரில் பாட்டைப் போட்டுவிட்டு இசைக்கேற்பத் திரையில் வண்ணங்களை ஆடவைக்கும் அதன் மில்க்டிராப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களில் நானும் உண்டு. 2001இல் வந்தது. அழகில் குறையில்லை. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன "எல்லாம் ஒரே மாதிரி" அதற்கும் பொருந்தும். ஏன் என்று பிறகு அதன் சூத்திரங்களைப் பிரித்துப் பார்த்தபோது புரிந்தது. இசையிலிருந்து அது பெரும்பாலும் கேட்டுக்கொள்வது மூன்று எண்கள்: கீழ்ச்சுரம், நடுச்சுரம், மேல்சுரம் ஒவ்வொன்றின் பலம். அதுவும் சற்று முன்புவரை இருந்த சராசரியோடு ஒப்பிட்டு. தவில் முழங்கினாலும் வீணை மீட்டினாலும் கொஞ்ச நேரத்தில் அந்த எண் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். விருந்துக்கூடத்தில் எந்தப் பாட்டுக்கும் திரை ஆட வேண்டும் என்பதற்கு அது பொருத்தமான ஏற்பாடு. மென்மையான இசையை மென்மையாகக் காட்ட அதனால் ஆகாது.

ஜூலை 8

இவ்வளவு அளவையும் எண்ணையும் சொல்லிவிட்டு, அளவே இல்லாமல் செய்தவர்களைச் சொல்லாவிட்டால் தவறு.

1911 ஜனவரி 2ஆம் தேதி மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியை ஓவியர் காண்டின்ஸ்கி கேட்டார். சில நாட்களில் ஒரு படம் வரைந்தார். மேலே கரிய பெருந்திட்டு, பியானோ. மற்றதையெல்லாம் மஞ்சள் அடைத்துக்கொள்கிறது. பதிவு இல்லை, கருவி இல்லை, மனதில் தங்கியதுதான்.

ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கர் இசைத்தட்டுகளை வைத்து வேலை செய்தவர். 1929 முதல் பெர்லினில் கரித்துண்டால் தாள் தாளாக வரைந்து, தட்டில் ஓடும் இசைக்கு இம்மி பிசகாமல் கோடுகளை ஆடவைத்தார். ஹாலிவுட்டுக்குப் போய் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா'வில் பாக் இசைக்கான பகுதியில் சேர்ந்தார். அவருடைய வடிவங்களை எளிமையாக்கிவிட்டதால் விலகிவிட்டார். 1947இல் பிளெக்ஸிகிளாஸ் மீது எண்ணெய் வண்ணத்தில் ஒவ்வொரு தீற்றலாக வைத்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து முடித்த 'மோஷன் பெயின்டிங் நம்பர் 1'க்கும் இசை பாக்தான். அதில் தாளத்துக்குத் தாளம் பொருத்தம் தேடினால் கிடைக்காது. இசை ஒரு பக்கம் போகும், ஓவியம் தன் போக்கில் வளரும். அவருடைய படங்களில் எனக்கு மிகவும் உயர்ந்தது அதுதான்.

நேர் எதிர் முனையில் கனடாவின் அனிமேஷன் கலைஞர் நார்மன் மெக்லாரன். 1971இல் 'சின்க்ரோமி' எடுத்தார். ஃபிலிம் ஓரத்தில் ஒலிக்காக இருக்கும் இடத்தில் பட்டைகளை வைத்து இசையை உண்டாக்கினார். அதே பட்டைகளைத் திரையிலும் காட்டினார். நீங்கள் பார்ப்பதும் கேட்பதும் ஒரே பொருள், இதைவிட நேர்மையான பொருத்தம் கிடையாது. அங்கேயும் பட்டைகளை எத்தனை வரிசையாகப் பெருக்குவது, என்ன நிறம் போடுவது என்பதை அவர்தான் முடிவு செய்தார்.

ஜூலை 9

"அப்படியானால் மனதில் பட்டதை வரைந்துவிட்டுப் போகலாமே, மென்பொருள் எதற்கு?" என்கிறார் ஒருவர்.

போகலாம். காண்டின்ஸ்கியால் முடியும். என் கைக்குப் பழகிய வளைவுகள் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவையே வருகின்றன. ராஜரத்தினம் பிள்ளையின் காந்தாரம் என் கைக்குத் தெரியாத வளைவு. அதைப் பதிவிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

ஜூலை 23

ஜூன் 4இல் முடிவெடுப்பதில்தான் ஓவியனின் வேலை என்று எழுதினேன். தம்புரா அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஒரே ஒரு தந்தி, ஒரே ஒரு மீட்டு. தந்திக்கும் அது தாங்கும் பாலத்துக்கும் இடையே செருகும் ஜீவா நூல் இல்லாமலும், அதை வைத்தும் பதிவு செய்து நிறமாலைப் படம் போட்டேன். நூல் இல்லாதபோது கிடைக்கோடுகள் ஒருசேரத் தோன்றி ஒருசேர மங்கின. நூலைச் சரியான இடத்தில் வைத்ததும் மேல் இணைசுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து, விசிறி விரிந்து சரிவதுபோல் கீழே இறங்கின. நான் ஒன்றுமே செய்யவில்லை, கருவி தானாக வரைந்தது. நூலை அங்குலத்தில் ஒரு சிறு பங்கு நகர்த்தினால் விசிறி மறைந்துவிடுகிறது. ஓவியனின் முடிவு பதிவுக்கு முன்னாலேயே, நூலைத் தேடி வைத்த விரலிலேயே நடந்து முடிந்திருக்கிறது என்று இப்போது சொல்வேன்.

ஜூலை 30

தாளத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். தாள வாத்தியம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கோடாக இழுத்தால் வெறும் புள்ளிவரிசை. வட்டமாக்கினேன். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஒரு வளையம், எட்டு அட்சரமும் எட்டு ஆரம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி, அடுத்த ஆவர்த்தனம் அடுத்த வெளிவளையம். தாளத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருட்கள் இதற்கு உதவாது. பலமான அடி சமத்தில்தான் (சுற்று தொடங்கும் இடத்தில்தான்) விழும் என்று அவை எதிர்பார்க்கின்றன. நம் வித்வான்கள் சமத்தைத் தொடாமல் விட்டுவிட்டுப் போவதில்தானே சுகம்! பதிவைக் கேட்டுக்கொண்டே ஒரு கையால் தாளம் போட்டு, இன்னொரு கையால் விசையைத் தட்டிக் குறித்தேன்.

இரண்டு விதமாக வரையலாம். தட்டிய தாளத்துக்கு வளையத்தைப் பொருத்தினால் ஆரங்கள் நேராக நிற்கும், கோர்வை என்ற தாளக்கோவையின் கணக்கு துலங்கும். மூன்று முறை வரும் தீர்மானம் மூன்று கொத்தாக வளையத்தில் இடம் தள்ளித் தள்ளி விழுந்து, மூன்றாவது சமத்தின் ஆரத்தில் போய்ச் சேரும். கடிகார நேரத்துக்குப் பொருத்தினால் ஆரங்கள் வளையும். வாசிப்பவர் காலப்பிரமாணத்தை (வேகத்தை) எங்கே லேசாக முடுக்கினார் என்பது அந்த வளைவில் தெரியும். முதலாவது கணக்கு, இரண்டாவது மனிதர். நான் தொங்கவிட்டிருப்பது இரண்டாவதை.

ஆகஸ்ட் 6

தோடித் தாளுக்குத் திரும்புகிறேன். தட்டில் ஆரவாக்கில் ஒரு விரிசல். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் 0.77 நொடிக்கு ஒரு "டிக்". நிறமாலையில் அது வேலிக்கால்போல வரிசையாக நிற்கிறது. "இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போடுங்கள்" என்று பலர் எழுதினார்கள். போட்டேன். டிக்கோடு சேர்த்து ஸ்வரத்தின் தொடக்கத்தில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) எழுப்பும் அந்தச் சிறு கீறலும் போய்விட்டது. நாகஸ்வரம் குழலாகிவிட்டது.

நீக்காமல் வைத்துக்கொள்கிறேன். சுருதிக் கோட்டுக்குள் டிக் வராமல் பிரித்து, தாளின் அடி ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடுகளாக வரிசைப்படுத்தினேன். ஸ்காட் இசைக்கவையின் அதிர்வைப் பக்கத்தில் கீறி நேரத்தை அளந்தார். இந்தத் தட்டில் விரிசலே அந்த வேலையைச் செய்கிறது. நாளைக்கு யாராவது தாளை ஸ்கேன் செய்து வாசிப்பைத் திரும்ப எடுக்க நினைத்தால் வேகம் தெரியும்.

அளவு கேட்டவர்களுக்கு: நொடிக்கு ஒரு சென்டிமீட்டர், ஒரு ஸ்தாயிக்கு 12 சென்டிமீட்டர், கறுப்பு மை, ஆதாரக் கோடு கிடையாது. மூச்சு எடுத்த இடமெல்லாம் வெற்றுத் தாள். அடுத்து காம்போதி. இதே அளவு, இதே பேனா. பக்கத்தில் மாட்டும்போது வித்தியாசமாகத் தெரிவது ராகத்தால் மட்டுமே இருக்க வேண்டும்.